"கொஞ்ச நாள் லேபுக்கு வா, பிஎச்டி பார்க்கலாம்"

எங்கள் துறையின் பிஎச்டி நேர்முகத் தேர்வுக் குழுவில் பல வருஷமாக இருக்கிறேன். போன முறை ஒரு மாணவி வந்தார். எம்.எஸ்சி. முடித்துவிட்டு, "கொஞ்ச நாள் லேபுக்கு வா, பிஎச்டி பார்க்கலாம்" என்று ஒரு கைடு (ஆய்வு வழிகாட்டி) சொன்னதை நம்பி, 14 மாதம் அவர் லேபில் செல் கல்ச்சர் (செல்களை வளர்க்கும் வேலை) பார்த்தவர். மீடியா, அதாவது செல்களுக்கான ஊட்டத் திரவத்தை, மாற்ற ஞாயிற்றுக்கிழமைகூடப் போயிருக்கிறார். சம்பளம் கிடையாது, கையில் ஒரு கடிதமும் இல்லை. ஹாஸ்டல் வாடகை ஊரிலிருந்து அம்மா அனுப்பியது. கட்டுரையில் பெயர் வருமா என்று கேட்டேன். "சார் போடுறேன்னு சொல்லியிருக்கார்" என்றார்.

கேட்டதற்கெல்லாம் தெளிவாகப் பதில் சொன்னார். நேர்முகத்தில் நல்ல மதிப்பெண் போட்டோம். ஆனாலும் இடம் கிடைக்கவில்லை. யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 விதிப்படி பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுக்கு 70 விழுக்காடு, நேர்முகத்துக்கு 30. நுழைவுத் தேர்வில் மயிரிழையில் தேறியிருந்தார். 14 மாத உழைப்பு அந்த முப்பதுக்குள்தான் பேச முடிந்தது. பிஎச்டி சேர்க்கைக்கும் உதவித்தொகைக்கும் கைகொடுக்கும் நெட் (தேசியத் தகுதித் தேர்வு) வருஷத்துக்கு இரண்டு முறை வருகிறது. லேப் வேலையில் இரண்டையும் விட்டிருந்தார். எனக்கு அதுதான் இன்னும் ஆறவில்லை.

சரி, வாக்குக் கொடுத்த கைடு ஏன் எடுத்துக்கொள்ளவில்லை? அவர் உதவிப் பேராசிரியர். அதே விதிப்படி அவர் ஒரே சமயத்தில் 4 பேருக்குத்தான் வழிகாட்டலாம். இணைப் பேராசிரியர் 6 பேருக்கு, பேராசிரியர் 8 பேருக்கு. அவரிடம் நான்கு பேர் ஏற்கெனவே இருந்தார்கள். ஒருவர் ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிடுவார் என்று நம்பியிருக்கலாம். எல்லாக் கைடும் ஏமாற்ற நினைப்பவர்கள் அல்ல. ஆனால் அந்த நம்பிக்கையின் செலவை ஏற்றது அந்தப் பெண்ணின் வீடு.

அதனால் லேபில் கால் வைக்கும் முன் கேளுங்கள். இப்போது உங்களிடம் எத்தனை ஸ்காலர் (பிஎச்டி மாணவர்)? ஓய்வுக்கு எத்தனை வருஷம் இருக்கிறது? மூன்று வருஷத்துக்குக் குறைவென்றால் புதிதாக ஒருவரையும் எடுக்க முடியாது. ப்ராஜெக்ட் இருக்கிறதா, அதில் ஆள் எடுக்கப் பணம் ஒதுக்கியிருக்கிறார்களா? மத்திய அரசு ப்ராஜெக்டில் நெட் அல்லது கேட் (GATE) தேர்வில் தேறிய ஜேஆர்எஃப்-க்கு (இளநிலை ஆய்வாளர்) 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. கேட்டால் கோபித்துக்கொள்வாரோ என்று பல பிள்ளைகள் பயப்படுகிறார்கள். நானும் ஒரு கைடுதான். இந்தக் கேள்விகளில் கோபப்பட எதுவும் இல்லை.

லேப் நமக்கு ஒத்துவருமா என்று பார்க்க ஆறு வாரம், எட்டு வாரம் சும்மா போவதை நான் தப்பு என்று சொல்ல மாட்டேன். முடியும் தேதியை முதல் நாளே பேசிவிட வேண்டும். அதற்கு மேல் போனால் அது பயிற்சி இல்லை, வேலை.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் இந்த வாரமே கைடுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். எந்தத் தேதியிலிருந்து வருகிறீர்கள், எந்தெந்தச் சோதனையைச் செய்தீர்கள் என்று எழுதி, அதற்கு ஒரு சான்றிதழும் கேளுங்கள். கட்டுரையில் உங்கள் பெயர் எங்கே வரும் என்பதையும் அதிலேயே கேட்டுவிடுங்கள். லேப் நோட்டு அவர்களுடையது. அதில் எந்தெந்தப் பக்கம் நீங்கள் எழுதியது என்று தேதியோடு குறித்துவைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், அடுத்த நெட் தேர்வுக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு, படிக்க இரண்டு மாதம் லேபுக்கு வர முடியாது என்று சொல்லிப் பாருங்கள். உங்களுக்கு இடம் தரும் எண்ணம் உள்ளவர் அந்த இரண்டு மாதத்தைத் தருவார்.