சோரிக்குன்: இடிமுழக்கமா, பாட்டுக்காரரா?

ஸ்ட்ரே கிட்ஸ் என்னும் எட்டு இளைஞர் கொண்ட தென்கொரியக் குழு 2021 ஆகஸ்ட் 23 அன்று வெளியிட்ட ‘நோஈசி’ இசைத்தொகுப்பின் தலைப்புப் பாடலுக்குக் கொரிய மொழியில் ‘சோரிக்குன்’ என்று பெயர். வெளிநாட்டு ரசிகர்களுக்காக ‘தண்டரஸ்’ என்ற ஆங்கிலப் பெயரும் இடப்பட்டிருப்பதால், அதைப் பார்த்து ‘இடிமுழக்கம்’ என்று தமிழாக்கத் தோன்றும். ஆனால் கொரியப் பெயரில் இடி இல்லை. இருப்பவர் ஒரு மனிதர்.

‘சோரி’ என்பது ஒலி, பேச்சு, பாட்டு ஆகிய மூன்றையும் குறிக்கும் தூய கொரியச் சொல். ஒரு செயலையே தொழிலாகவோ வழக்கமாகவோ கொண்டவரைச் சுட்டும் விகுதி ‘குன்’. விறகுவெட்டி ‘நமுக்குன்’, ஏமாற்றுக்காரன் ‘சகிக்குன்’. இவ்விரண்டும் சேர்ந்த சோரிக்குன், குறிப்பாகப் பான்சோரிக் கலைஞரைச் சுட்டும். கையில் விசிறியுடன் நிற்கும் ஒரே பாடகர், அருகில் அமர்ந்து முரசு கொட்டும் ஒருவரை மட்டும் துணையாகக் கொண்டு, பாட்டும் வசனமுமாக ஒரு முழுக்கதையை மணிக்கணக்கில் நிகழ்த்துவதே பான்சோரி. இடையிடையே முரசுக்காரரும் அவையோரும் ‘ஒல்சு’ என்று குரல் கொடுத்து ஊக்குவார்கள். நம் வில்லுப்பாட்டில் பக்கப்பாட்டுக்காரர் ‘ஆமா’ போடுவதை இது நினைவூட்டும். 2003-இல் யுனெஸ்கோ இக்கலையைச் சிறப்பித்தது. மரபுக் கருவிகளின் ஒலியும் பழைய அரண்மனைச் சூழலும் கலந்த இந்த விறுவிறுப்பான ஹிப் ஹாப் பாடலில், ராப் பாடும் இளைஞர்கள் அந்தப் பழைய கலைஞரின் பெயரையே தமக்குச் சூட்டிக்கொள்கிறார்கள்.

இனி, தமிழில் என்ன சொல்லலாம்? ‘பாணர்’ அழகான சொல்தான் என்றாலும், யாழும் சங்ககாலமும் அதனோடு சேர்ந்தே வந்துவிடும். ‘இசைவாணர்’ பொருளில் மிக நெருங்கி வருகிறது. ‘வாழ்நர்’ என்பதன் திரிபான ‘வாணர்’, ஒன்றைக் கொண்டு வாழ்பவர் என்ற கருத்தையும் தருகிறது. ஆயினும் அதிலுள்ள மேடை மரியாதை ‘குன்’ விகுதிக்கு இல்லை. ஏமாற்றுக்காரனுக்கும் கலைஞனுக்கும் கூசாமல் ஒட்டும் நம் ‘காரர்’ விகுதியே அதற்குச் சரியான இணை.

ஆகவே ‘பாட்டுக்காரர்’ என்பதே என் தேர்வு. அதற்கு வலுவான காரணம் இன்னொன்றும் உண்டு. கொரிய மொழியில் ‘ஜான்சோரி’ என்றால் நச்சரிப்பு. ஓயாமல் குறை சொல்பவர் ‘ஜான்சோரிக்குன்’. பிறர் என்ன குறை சொன்னாலும் தம் குரலைத் தாழ்த்தாதவர்களின் பாடலுக்குச் சோரிக்குன் என்று பெயரிடும்போது, அந்த நச்சரிப்புக்காரரின் நிழலும் சொல்லுக்குள் தெரிகிறது. தாமதமாக வீடு திரும்பியவன் “அம்மாகிட்ட நல்லா பாட்டு வாங்கினேன்” என்பான். சொன்னதையே சொல்பவரிடம் “பழைய பாட்டை ஆரம்பிக்காதே” என்போம். பாடலும் வசவும் ஒரே சொல்லில் அடங்கும் இந்த வழக்கு ‘இசை’யில் இல்லை, ‘முழக்க’த்திலும் இல்லை, ‘பாட்டு’ என்ற சொல்லில்தான் இருக்கிறது.