நான்-இன்வேசிவ் வெண்டிலேஷன்னா என்ன, தமிழ்ல எப்படி சொல்றது?

வைரஸ் காய்ச்சல் நெஞ்சுல இறங்கி மூச்சுத்திணறலாகி ஐசியூல இருக்கறவங்களுக்கு டாக்டர் வந்து "என்ஐவி வெண்டிலேஷன் போடறோம்"னு சொல்லிட்டு போவார், வெளில நிக்கறவங்க காதுல விழறது வெண்டிலேட்டர்ங்கிற பாதி மட்டும்தான், உடனே முடிஞ்சுபோச்சுன்னு அழ ஆரம்பிச்சிடுவாங்க. ஆனா அந்த முதல் பாதிலதான் விஷயமே இருக்கு. என்ஐவின்னா நான்-இன்வேசிவ் வெண்டிலேஷன். (இந்த 'நான்' நம்ம நான் இல்லீங்க, லத்தீன் 'நான்', இல்லைன்னு அர்த்தம்.)

வெண்டிலேஷனுக்கு வேர் லத்தீன்ல 'வெண்டுஸ்', காற்று. அதுலேர்ந்து வந்த வினைச்சொல்லுக்கு விசிறறது, தானியம் தூத்தறதுன்னு பொருள். வீட்டுச் சுவர்ல மேல விடற ஓட்டையையும் வெண்டிலேட்டர்னுதான சொல்றோம், அதே வேர்தான். ஆக இது வெறும் ஆக்சிஜன் குடுக்கறது இல்ல, காத்தை அழுத்தி நகர்த்தறது.

இன்வேசிவ் லத்தீன்ல 'உள்ளே புகு'ங்கிறதுலேர்ந்து வந்தது, படையெடுப்புக்கான இன்வேஷனும் அதே குடும்பம். இங்க புகறது என்னன்னா குழாய், வாய் வழியாவோ கழுத்துல துளை போட்டோ மூச்சுக்குழாய்க்குள்ள இறங்கறது. அது இல்லாம முகத்துல டைட்டா மாஸ்க் கட்டி அழுத்தத்தோட காத்து குடுத்தா நான்-இன்வேசிவ்.

எவ்ளோ அழுத்தம்? டம்ளர் தண்ணில ஸ்ட்ராவை 10 செ.மீ. ஆழத்துக்கு விட்டு ஊதி குமிழி வர வைக்க என்ன வேணுமோ கிட்டத்தட்ட அவ்ளோதான், சிபாப்ல, அதாவது மாஸ்க் வழியா ஒரே அழுத்தத்தை விடாம குடுக்கற முறைல, வழக்கமா 5லேர்ந்து 10 செ.மீ. தண்ணி அழுத்தம்னு கணக்கு. பலூனை முதல் ஊது ஊதறதுதானே கஷ்டம், அப்புறம் லேசா விரியும்ல, நுரையீரல் நுண்ணறைகளும் அப்படித்தான், வைரஸால வீங்கி நீர் கோத்து ஒட்டிக்கிட்டா ஒவ்வொரு மூச்சுக்கும் அந்த முதல் ஊது ஊதணும், ஆளு களைச்சுப்போயிடுவாங்க. சிபாப் மூச்சு வெளிய விடறப்பவும் அழுத்தத்தை விடாம அறைகளை மூடவிடாம பிடிச்சு வெச்சுக்குது. இழுக்கறப்போ ஒரு அழுத்தம் விடறப்போ குறைச்ச அழுத்தம்னு ரெண்டு நிலை வெச்சா அது பைபாப். (பைபாப் உண்மைல ஒரு கம்பெனியோட பிராண்டு பேரு, ஜெராக்ஸ் மாதிரி பொதுப்பேரா ஆயிடுச்சு.)

பழைய விஷயம்தான் இது. 1928ல பாஸ்டன்ல வந்த இரும்பு நுரையீரல் கூட குழாய் செருகாததுதான், தலையை மட்டும் வெளிய விட்டு உடம்பை பெட்டிக்குள்ள வெச்சு பெட்டிக் காத்தை உறிஞ்சினா நெஞ்சு தானா விரியும். 1952ல கோபன்ஹேகன்ல போலியோ, அதுவும் வைரஸ்தான், பரவினப்போ அந்தப் பெட்டிகள் பத்தாம பியோன் இப்சன்ங்கிற டாக்டர் கழுத்துல துளை போட்டு குழாய் விடற வழியைக் கொண்டுவந்தாரு, மெடிக்கல் ஸ்டூடண்ட்ஸ் ஷிஃப்ட் போட்டு அந்தக் குழாயோட சேர்ந்த காத்துப் பையைக் கையாலயே அமுக்கினாங்க.

மாஸ்க் எல்லாருக்கும் ஆகாது. நினைவு தப்பினவங்க, விடாம வாந்தி எடுக்கறவங்களுக்கு ஆபத்து, வாந்தி நுரையீரலுக்குள்ள போயிடும். போட்டும் மூச்சு சரியாகலன்னா இழுத்தடிக்காம குழாய்க்கு மாறணும்.

இப்ப தமிழ்ச் சொல்லுக்கு வரேன். 'துளையிடா'ன்னு சிலர் எழுதறாங்க, தப்பு, வாய் வழியா குழாய் விடறதுல துளையே இல்லையே, ஆனாலும் அது இன்வேசிவ். 'ஊடுருவா' பரவால்ல, ஆனா ஊடுருவறதுன்னா துளைச்சு அந்தப் பக்கம் போறது, எல்லைச் செய்தி வாசனை வேற அடிக்குது. 'குழாயில்லா'ன்னு நானே கொஞ்ச நாள் எழுதிட்டிருந்தேன், அப்புறம்தான் உறைச்சுது, மாஸ்க்லேர்ந்து மெஷினுக்கு இவ்ளோ பெரிய குழாய் போகுதே! அதனால இப்ப 'குழல் செருகா மூச்சுத்துணை'. சுவாசம் வடமொழி, பழந்தமிழ்ல உயிர்ப்பு, பெருமூச்சைத்தான் நெட்டுயிர்ப்புன்னாங்க, ஆனா 'உயிர்ப்புத்துணை'ன்னா உயிருக்கே ஆபத்துங்கற மாதிரி கேக்கும், மூச்சே போதும். வாயால சொல்றப்போ இவ்ளோ கூட வேணாம், "குழாய் இறக்கல, மாஸ்க் வழியாத்தான் மூச்சுக்குத் துணை குடுக்கறோம்"னா வெளில நிக்கறவங்களுக்கு புரிஞ்சிடும்.