மணலுக்குள் இருக்கும் வைகை

வைகை கடலில் கலப்பதில்லை என்று ராமநாதபுரம் பக்கம் சொல்லக் கேட்டிருப்பீர்கள். வெள்ளம் கரைபுரளும் ஆண்டுகளில் அது அழகன்குளத்தைத் தாண்டி, ஆற்றங்கரை என்ற ஊரில் பாக் விரிகுடாவைச் சேர்கிறது. மற்ற நாட்களில் தண்ணீரைத் தேட வேண்டிய இடம் மணலுக்கு அடியில்.

ஆறு பிறப்பது சுமார் 258 கிலோமீட்டர் மேலே, வருசநாட்டு மலையில். தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதி மலைக்கு அந்தப் பக்கமே கொட்டிவிடும். முகட்டைத் தாண்டி இறங்கும் காற்று சூடேறி வறண்டுபோகும். அதனால் வைகைக்குச் சொந்த வெள்ளம் பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில்தான். 1895-இல் முல்லைப் பெரியாறு அணை கட்டி, மேற்கே போன தண்ணீரைச் சுரங்கம் வழியாக இந்தப் பக்கம் திருப்பிய பிறகுதான் கோடையிலும் கொஞ்சம் வரத்து கிடைத்தது. வழியெல்லாம் கால்வாய்களும் கண்மாய்களும் வாங்கிக்கொண்டது போக, மிஞ்சியது ராமநாதபுரம் பெரிய கண்மாய்க்கு வரும்.

ஆற்று மணலைச் சும்மா நினைக்கக் கூடாது. அதன் கன அளவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வெற்றிடம். வெள்ளம் போகும்போது அது நிறைந்துவிடும். மேல்மணல் காய்ந்ததும் அதுவே மூடியாகி, கீழே உள்ள ஈரத்தை வெயிலிடமிருந்து காக்கிறது.

கடலோரத்தில் இன்னொரு அதிசயம் நடக்கிறது. ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் 1,000 கிராம் என்றால், கடல்நீர் சுமார் 1,025 கிராம். அந்த 25 கிராம் வித்தியாசத்தில், மணலுக்குள் ஊறிய மழைநீரும் ஆற்றுநீரும் உப்புநீரின் மேல் மிதக்கின்றன. கடல் மட்டத்துக்கு மேல் நல்ல தண்ணீர் ஓர் அடி நின்றால், கீழே உப்பை நாற்பது அடிக்குத் தள்ளி வைத்திருக்கும். நெதர்லாந்தின் கீபென், ஜெர்மனியின் ஹெர்ஸ்பெர்க் என்ற பொறியாளர்கள் இருவரும் தனித்தனியே கண்ட கணக்கு இது.

கணக்கு தலைகீழாகவும் வேலை செய்யும் என்பதுதான் பயம். மோட்டார் போட்டு ஒரே இடத்தில் இழுத்து மட்டம் ஓர் அடி இறங்கினால், அதற்கு நேர் கீழே உப்புநீர் நாற்பது அடி வரை கூம்பாக மேலெழ இடம் கிடைத்துவிடும்.

ஊற்றில் தண்ணீர் எடுக்கும் பெண்களைப் பாருங்கள். குழி தோண்டி, முதலில் ஊறும் கலங்கலை வாரி வெளியே ஊற்றிவிட்டுக் காத்திருப்பார்கள். தெளிந்து ஊற ஊறச் சிரட்டையால் மோந்து, துணி கட்டிய குடத்தில் விடுவார்கள். ஒரு குடம் நிறைய வெகுநேரம் ஆகும். அந்த நிதானத்தில் மட்டம் சில விரற்கடைதான் தாழ்கிறது. மேலே மிதக்கும் நல்ல தண்ணீர் மட்டுமே குடத்துக்கு வருகிறது, உப்பு இருந்த இடத்திலேயே இருக்கிறது. இந்த உழைப்பு அவர்கள் தலையில் விழுந்திருப்பது நியாயமில்லை. ஆனால் எடுக்கும் முறை சரியானது. கடலோர ஊர்களுக்கு ஆழமான ஒற்றைக் குழாய்க்கிணற்றைவிட, ஆழம் குறைந்த அகன்ற கிணறுகள் பல போட்டு, எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக இறைப்பதே பாதுகாப்பு. ஒருமுறை உப்பேறிய மணலைக் கழுவ மழைக்குப் பல ஆண்டுகள் பிடிக்கும்.