போனில் தெளிவு, பிரிண்டில் மங்கல்: எங்கே தொலைகிறது படம்?

போனில் அவ்வளவு தெளிவாக இருந்த படம் பிரிண்டாகி வந்ததும் ஏன் சப்பென்று ஆகிவிடுகிறது? பழி பெரும்பாலும் ஸ்டூடியோக்காரர் மேல்தான் விழும். ஆனால் பல நேரம் கோளாறு நடப்பது படம் கடைக்குப் போய்ச் சேர்வதற்கு முன்பே. நீங்கள் எடுத்த படம் ஒன்று, கடைக்குப் போனது இன்னொன்று.

இப்போது நாம் எடுக்கும் படங்கள் கூகுள் போட்டோஸ், ஐகிளவுட் என்று ஏதாவது ஒரு கிளவுட் சேமிப்புக்குப் போய்விடுகின்றன. ஐபோனில் ‘ஆப்டிமைஸ் ஸ்டோரேஜ்’ போட்டிருந்தால், இடம் குறையும்போது மூலப் படம் கிளவுட்டில் மட்டும் இருக்கும். போனில் மிஞ்சுவது அதன் சிறிய நகல். கையகலத் திரையில் காட்ட அந்த நகலே தாராளம், அதனால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. பழைய படத்தைத் திறந்தால் ஒரு நொடி மங்கலாக இருந்து, அப்புறம் பளிச்சென்று ஆவதைப் பார்த்திருப்பீர்கள். மூலப் படம் கிளவுட்டிலிருந்து இறங்குகிற நொடி அது.

கூகுள் போட்டோஸில் ‘ஸ்டோரேஜ் சேவர்’ என்று ஒன்று உண்டு. 16 மெகாபிக்சலுக்கு மேற்பட்ட படங்களை அது 16க்குக் குறைத்துவிடும். சாதாரண 12 மெகாபிக்சல் படத்தின் அளவு மாறாது, கோப்பு மட்டும் கொஞ்சம் இறுக்கப்படும். பிரிண்ட் போட இதனால் பெரிய நஷ்டம் இல்லை.

பெரிய நஷ்டம் அடுத்த கட்டத்தில். கடைக்காரர் நம்பருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம் அல்லவா, அங்கேதான். 4032க்கு 3024 பிக்சல் இருந்த படம், சாதாரண தரத்தில் அனுப்பினால் நீளப்பக்கம் சுமார் 1600 பிக்சலாகச் சுருங்கிவிடும். படக் கோப்பைச் சுருக்கும் ஜேபெக் முறை, படத்தை எட்டுக்கு எட்டு பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் நுணுக்கமான மாற்றங்களைத்தான் முதலில் கைவிடும். நெற்றியோரத்து முடி, பட்டுச் சேலைக் கரையின் நெசவு எல்லாம் அந்த நுணுக்கத்தில் சேர்த்தி. ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புவது இன்னும் மோசம். 1080 பிக்சல் அகலமுள்ள திரையில் படுக்கைவாட்டுப் படத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் 1080க்கு 810 பிக்சல்தான் மிஞ்சும்.

சரி, எத்தனை பிக்சல் இருந்தால் போதும்? இதற்கு நம் கண்ணே அளவுகோல். நல்ல பார்வையுள்ளவரால் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு கோணத்தைப் பிரித்தறிய முடியும். கையில் பிடித்துப் பார்க்கும் 30 சென்டிமீட்டர் தூரத்தில் அது 0.09 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. கணக்குப் போட்டால் அங்குலத்துக்கு 290 புள்ளி வருகிறது. ‘300 டிபிஐ’ (அங்குலத்துக்கு 300 புள்ளி) என்ற எண்ணுக்கு அடிப்படை இதுதான். நாலுக்கு ஆறு அங்குல மேக்ஸி சைஸுக்கு 1200க்கு 1800 பிக்சல் போதும். ஆக, வாட்ஸ்அப் படம்கூட மேக்ஸியில் ஓரளவு தப்பித்துவிடும். அதையே பன்னிரண்டுக்குப் பதினெட்டாக்கி ஃபிரேம் போட்டால் அங்குலத்துக்கு 89 பிக்சல்தான். ஒரு மீட்டர் தள்ளி நின்றால் குறை தெரியாது. ஆனால் வீட்டுக்கு வருகிறவர்கள் கிட்டே போய், “இது யாரு, சின்ன மாமாவா?” என்று விரல் வைத்துத்தான் பார்ப்பார்கள். மூலப் படமாக இருந்தால் அதே அளவில் 224 பிக்சல் கிடைக்கும். கிளவுட்டிலிருந்து மூலப் படத்தை இறக்கி, வாட்ஸ்அப்பிலேயே ‘டாக்குமென்ட்’டாக அனுப்புங்கள், கோப்பு அப்படியே போகும்.

அப்புறம் வெட்டு. போன் படம் நாலுக்கு மூன்று விகிதம், மேக்ஸி காகிதம் மூன்றுக்கு இரண்டு. காகிதத்தை நிரப்பப் படத்தில் ஒன்பதில் ஒரு பங்கை வெட்டியாக வேண்டும். குரூப் போட்டோவில் பின்வரிசையில் நிற்பவர் தலை போவது இப்படித்தான். வெள்ளை பார்டர் விட்டு முழுப் படமாகப் போடச் சொன்னால் போடுவார்கள்.

கோப்பு சரியாகப் போனாலும் பிரிண்ட் கொஞ்சம் இருட்டாகத் தெரியலாம். திரை தானே ஒளிர்கிறது. காகிதம் தன் மேல் விழும் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது, அவ்வளவுதான். வீட்டு அறையில் 200 லக்ஸ் வெளிச்சம் இருந்தால் வெள்ளைக் காகிதத்தின் பிரகாசம் 60 நிட்டைத் தாண்டாது. போன் திரை 500 நிட்டுக்கு மேலும் போகும். பிரிண்டுக்குக் கொடுக்கும் முன் திரை வெளிச்சத்தைப் பாதிக்குக் கீழே இறக்கிவிட்டுப் படத்தைப் பாருங்கள். அப்போதும் முகம் தெளிவாகத் தெரிந்தால் காகிதத்திலும் தெரியும்.

பெரிய கலர் லேபில் சிவப்பு, பச்சை, நீல லேசர்கள் வெள்ளி உப்புப் பூசிய காகிதத்தில் படத்தை எழுதும். ரசாயனத்தில் கழுவியதும் வெள்ளி போய்ச் சாயம் மட்டும் நிற்கும். கல்யாண ஆல்பத்துக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

தெருமுனை ஸ்டூடியோவில் நின்றுகொண்டே வாங்கும் பிரிண்ட் பெரும்பாலும் வேறு வகை. அந்தச் சிறிய பெட்டிக்குள் ஒரு ரிப்பன் சுருள் இருக்கும். அதில் மஞ்சள், மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு), சயான் (பச்சை கலந்த நீலம்), நிறமில்லாப் பூச்சு என்று வரிசையாகப் பட்டைகள். காகிதம் நாலு முறை உள்ளே போய் வரும். வெளியே எட்டிப் பார்க்கும் மாடலாக இருந்தால் முதலில் வெளிறிய மஞ்சளில் ஒரு முகம், அடுத்த முறை செம்மை ஏறிய முகம், மூன்றாவது முறை சயான் சேர்ந்ததும் தலைமுடி கறுத்து, படம் முழுசாக வந்து நிற்கும். கற்பூரம்போலத் திடப்பொருள் நேரே ஆவியாவதைப் பதங்கமாதல் என்போம். இந்த பிரிண்டருக்கும் அந்தப் பெயரே வைத்துவிட்டார்கள். உண்மையில் இங்கே பெரும்பாலும் நடப்பது, சூடேறிய சாயம் காகிதத்தின் மேலுள்ள பாலிமர் பூச்சுக்குள் ஊடுருவிப் பரவுவது. சூடு கூடக்கூட அதிகச் சாயம் இறங்கும். அதனால் ஒவ்வொரு புள்ளியிலும் நிறத்தைப் படிப்படியாகக் கூட்டிக் குறைக்க முடிகிறது. கன்னத்து நிழல் சொரசொரப்பில்லாமல் வருகிறது. நாலாவது பட்டை மேலே ஒரு மெல்லிய உறை போடும், விரல் ரேகை படத்தில் ஒட்டாது.

சூடு கொடுக்கும் தலையில் பொதுவாக அங்குலத்துக்கு 300 நுண் சூடேற்றிகள். அத்தனைக்கும் வேலை கொடுக்கப் படத்தில் பிக்சல் இல்லையென்றால், பக்கத்துப் பிக்சல்களைப் பார்த்து இடைவெளியை மென்பொருள் ஊகித்து நிரப்பும். ஸ்கிரீன்ஷாட்டிலிருந்து போட்ட பிரிண்டில் பாட்டியின் முகச் சுருக்கங்கள் காணாமல் போய் முகம் வழவழவென்று இருப்பது அந்த ஊகத்தால்தான்.