விசித்திரக் கதையும் இல்லை, தேவதைக் கதையும் இல்லை

ஒரு கல்யாணச் செய்தி. தலைப்பு: 'விசித்திரக் கதை போல நடந்த திருமணம்'. மணமேடையில் ஏதோ ஏடாகூடம் நடந்துவிட்டது போலிருக்கிறது என்று உள்ளே போனால் குதிரை வண்டி, பூத்தோரணம், வெள்ளை கவுன். 'ஃபேரி டேல் வெட்டிங்' என்பதை எந்திர மொழிபெயர்ப்பில் போட்டு, வந்ததை அப்படியே ஒட்டியிருக்கிறார்கள். குழந்தைகளுக்கான வீடியோ, படங்களின் வசனவரி, பயிற்சித்தாள் என்று எங்கே திரும்பினாலும் இப்போது இந்த 'விசித்திரக் கதை'தான். தமிழில் விசித்திரம் என்றால் வழக்கத்துக்கு மாறானது, புரிபடாதது. 'விசித்திரமான மனுஷன்' என்று ஒருவரைச் சொன்னால் அவர் சந்தோஷப்பட மாட்டார்.

'ஃபேரி டேல்' என்ற சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். லத்தீனில் 'ஃபாத்தும்' என்றால் 'சொல்லப்பட்டது', அதாவது விதி. அதன் பன்மையான 'ஃபாத்தா' விதியை நிர்ணயிக்கும் பெண்களுக்குப் பெயராகி, பிரெஞ்சில் 'ஃபே' என்று தேய்ந்தது. 1697இல் பிரெஞ்சு எழுத்தாளர் மதாம் தோல்னுவா தம் தொகுப்புக்கு 'ஃபேக்களின் கதைகள்' என்று பெயர் வைத்தார். ஆங்கிலேயர்கள் 18ஆம் நூற்றாண்டில் அதை 'ஃபேரி டேல்' ஆக்கிக்கொண்டார்கள். ஜெர்மானியர்கள் இந்தச் சொல் பக்கமே போகவில்லை. அவர்களுடைய 'மேர்ஷன்' வெறுமனே 'சின்னக் கதை'.

விசித்திரக் கதையாவது எந்திரம் செய்த வேலை. 'தேவதைக் கதை' மனிதர்கள் யோசித்து வைத்த பெயர். அதனால்தான் அதன்மேல் கோபம் அதிகம். கிராமத்தில் தேவதை என்றால் எல்லையில் அரிவாளோடு நிற்கும் காவல் தெய்வம். கெட்டதாக இருந்தால் துர்தேவதை. நகரத்தில் தேவதை என்றால் சிறகு முளைத்த வெள்ளைக்காரப் பெண். அதுவும் 'ஏஞ்சல்' என்பதற்குப் போட்ட தமிழ். இத்தனைக்கும் கிறிஸ்தவத் தமிழில் தேவதூதன், வானதூதர் என்று நல்ல சொற்கள் எப்போதோ வந்துவிட்டன. மூன்று சரக்கையும் ஒரே மூட்டையில் கட்டிவிட்டு, 'ஃபே' என்ற சொல்லுக்குள் இருக்கும் விதியைக் கீழே சிந்திவிட்டோம்.

அந்த விதி இல்லாமல் தூங்கும் அழகியின் கதை புரியாது. பிரெஞ்சு எழுத்தாளர் பெரோ எழுதிய வடிவத்தில், இளவரசி பிறந்ததும் ஏழு ஃபேக்களை விருந்துக்கு அழைக்கிறார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் தங்கப் பேழையில் கரண்டி, முள்கரண்டி, கத்தி. அழையாத எட்டாமவள் ஒரு கிழவி. ஐம்பது வருஷத்துக்கு மேல் கோபுரத்தை விட்டு வெளியே வராதவள், செத்துப்போயிருப்பாள் என்று விட்டுவிட்டார்கள். அவளுக்குப் பேழை இல்லை. அவமானத்தில் 'நூல் நூற்கும் கதிர் குத்திச் சாவாள்' என்கிறாள். கடைசியாகப் பேசும் இளைய ஃபேயால் அதை அழிக்க முடியவில்லை. சாவை நூறு வருஷத் தூக்கமாகக் குறைக்கத்தான் முடிகிறது. சொன்னது சொன்னதுதான், இது நமக்குத் தெரிந்த சாபமும் விமோசனமும். பிறந்த வீட்டில் வந்து தலையெழுத்தைச் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் இந்தப் பெண்கள். 'தேவதை வாழ்த்தினாள்' என்று எழுதினால் பிறந்தநாள் கேக் வெட்டியது போல ஆகிவிடுகிறது. ஜெர்மனியில் இந்தக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்கள் 1812 பதிப்புக்குப் பிறகு பிரெஞ்சு வாடை அடிக்கிறது என்று 'ஃபே'யைத் தூக்கிவிட்டு 'ஞானப் பெண்கள்' என்று மாற்றினார்கள். அந்த அக்கறையில் கால்வாசி நமக்கு இருந்தால் போதும்.

அதோடு, இந்தக் கதைகளில் பாதியில் ஃபேயே கிடையாது. சிவப்புத் தொப்பிச் சிறுமியை பெரோவின் கதையில் ஓநாய் தின்றுவிடுகிறது, அவ்வளவுதான். கடைசியில் சில வரிப் பாட்டு: நயமாகப் பேசிப் பின்னாலேயே வரும் ஓநாய்கள்தான் ஆபத்தானவை, பெண்களே ஜாக்கிரதை என்று. இதில் தேவதை எங்கே? ஹான்சலும் கிரேத்தலும் கதையில் பஞ்சம், பெற்ற பிள்ளைகளைக் காட்டில் விடுவது. 1812 பதிப்பில் அப்படிச் செய்யத் தூண்டியவள் சொந்தத் தாய். பிந்திய பதிப்பில்தான் அவள் சித்தி ஆனாள்.

என் ஓட்டு 'மாயக்கதை'க்கு. ஆங்கிலத்தில் 'ஃபேரி' என்ற சொல்லே ஆரம்பத்தில் ஆளைக் குறிக்கவில்லை. மாயத்தையும் மாய உலகத்தையும்தான் குறித்தது. 'மாயாஜாலக் கதை' பழைய பழக்கம், குற்றம் சொல்ல மனமில்லை. ஆனால் ஜாலம் வந்ததும் வித்தைக்காரன் தொப்பியும் முயலும் வந்துவிடுகின்றன. தூய தமிழ் அன்பர்கள் 'அணங்குக் கதை' என்பார்கள். மாயம் வடசொல் என்று முறைக்கவும் செய்வார்கள். 'மாய் என்ற வினை நம்முடையது' என்று பதிலுக்கு வாதாடுகிறவர்களும் உண்டு. அது எப்படியோ போகட்டும், 918ஆவது குறளில் அணங்கும் இருக்கிறது, 'மாய மகளிர்' என்றும் இருக்கிறது. வள்ளுவருக்கு ஆகிவந்த சொல் நமக்கு ஆகாதா? அங்கே அணங்கு என்பது வருத்துவது. வரமும் தரும் ஃபேக்கு அது ஒத்துவராது. இன்னும் சிலர் தொல்காப்பியத்தின் 'பொய்ம்மொழி'யைக் கொண்டுவருவார்கள். பேராசிரியர் என்ற பழைய உரையாசிரியர் அதற்குத் தரும் உதாரணம் யானையும் குருவியும் நட்பாடிய கதை. அது மிருகக் கதை, வேறு சாதி.

அப்புறம், சிண்டரெல்லாவின் 'ஃபேரி காட்மதர்'. 'தேவதை அம்மா', 'தேவதைப் பாட்டி' என்றெல்லாம் பார்த்தாகிவிட்டது. காட்மதர் என்றால் ஞானத்தாய். எந்தக் கத்தோலிக்க வீட்டில் கேட்டாலும் சொல்வார்கள். தாயில்லாத பெண்ணுக்கு ஞானத்தாய் வந்து நிற்கிறாள் என்பதுதான் அங்கே விஷயமே. பக்கத்து வீட்டில் கேட்காமல் அகராதியைப் புரட்டுகிறவரை வேறு என்ன செய்வது?