மண்டையூடு காந்தத் தூண்டல்

‘டிரான்ஸ்கிரேனியல் மேக்னெடிக் ஸ்டிமுலேஷன்’, சுருக்கமாக டி.எம்.எஸ். மண்டையோட்டைத் திறக்காமல், வெளியே வைத்த கம்பிச்சுருளில் மின்னோட்டத்தை நொடிக்கும் மிகக் குறைந்த நேரம் பாய்ச்சி மூளை நரம்பணுக்களை இயக்கும் முறை. 1985இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆந்தனி பார்க்கர் குழுவினர் இதை மனிதரிடம் செய்துகாட்டினர்.

‘டிரான்ஸ்’ லத்தீன், ஊடாக, கடந்து என்று பொருள். ‘கிரேனியம்’ கிரேக்க மூலம் உடையது, மண்டையோடு. ‘ஸ்டிமுலஸ்’ என்பது லத்தீனில் மாடு ஓட்டும் முள்கோல், அதாவது நம் தார்க்குச்சி. தமிழில் ‘தூண்டு’ என்பதும் அதே வேலையைச் செய்கிறது: திரியைத் தூண்டுகிறோம், அதற்கான குச்சி தூண்டுகோல். ஆகவே மண்டையூடு காந்தத் தூண்டல் என்பதே பொருத்தமான தமிழ். ‘காந்த மூளைத் தூண்டல்’ என்றும் எழுதுகிறார்கள். அதில் மண்டையோட்டைத் திறக்கவில்லை என்ற முக்கியச் செய்தி விடுபட்டுப்போகிறது.

ஆனால் நம் இயற்பியல் பாடநூல்களில் ‘இண்டக்‌ஷன்’ என்பதும் தூண்டல்தான். 1831இல் ஃபாரடே கண்டது மின்காந்தத் தூண்டல். இந்தக் கருவியில் இரண்டுமே உண்டு. மாறும் காந்தப்புலம் மூளைக்குள் மின்புலத்தை உண்டாக்குவது முதல் தூண்டல். அந்த மின்புலம் போதிய வலுவோடு இருந்தால் நரம்பணு துடிப்பது இரண்டாவது. மனிதத் தலையில் முதலாவதைத் தொடர்ந்து இரண்டாவதும் எளிதில் நிகழ்வதால் குழப்பம் வெளியே தெரிவதில்லை.

சுண்டெலிக்குக் கருவி வடிவமைக்கும்போது அது தெரிந்துவிடுகிறது. சுண்டெலி மூளையின் எடை அரை கிராமுக்கும் குறைவு. மனிதருக்கான, ‘8’ என்ற எண் வடிவிலான சுருளில் ஒவ்வொரு வளையமும் சில சென்டிமீட்டர் அகலம். அதை வைத்தால் தலை முழுவதும், உடலும்கூட, புலத்துக்குள் அகப்படும். மூளையின் ஒரு பகுதியை மட்டும் தொடுவது இயலாது. சரி, சுருளைச் சிறிதாக்கலாமே என்றால், ஆழம் செல்லச் செல்லப் புலம் மிக வேகமாகத் தேய்கிறது. ஈடுகட்ட மின்னோட்டத்தைக் கூட்டினால் மெல்லிய கம்பி கொதிக்கிறது. காந்த விசை சுற்றுகளை வெளிநோக்கித் தள்ளிச் சுருளையே சிதைக்கப் பார்க்கிறது. போதாததற்கு, தூண்டப்படும் மின்னோட்டம் தலைக்குள்ளேயே வட்டமிட வேண்டும். வட்டம் சிறுத்தால் மின்புலமும் வலுக்குன்றும். இந்தக் கடைசித் தடையை எவ்வளவு திறமையாகச் சுருள் கட்டினாலும் தாண்ட முடியாது, ஏனெனில் அது விலங்கின் தலை அளவிலேயே இருக்கிறது.

2016இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் எலிகளுக்கென 8 மி.மீ. விட்டமுள்ள சுருளை உருவாக்கினர். அதன் புலம் சுமார் 120 மில்லிடெஸ்லா, அதாவது 0.12 டெஸ்லா (டெஸ்லா என்பது காந்தப்புல வலுவின் அலகு); மனிதருக்கான கருவிகளோ 1.5 முதல் 2 டெஸ்லா வரை தருகின்றன. இந்தச் சிறிய சுருள் முதல் தூண்டலைச் செய்கிறது; நரம்பணுவை நேரடியாகத் துடிக்கவைக்கும் வலு அதற்கு இல்லை.

ஆகவே முறையின் பெயரில் ‘தூண்டல்’ இருக்கட்டும். வடிவமைப்பு பற்றி எழுதும்போது மட்டும் முதலாவதை மின்தூண்டல் என்றும் இரண்டாவதை நரம்புக் கிளர்வு என்றும் பிரித்து எழுத வேண்டும். துடிக்கவைக்கத் தேவையான குறைந்தபட்ச வலுவுக்குப் ‘பயன்தொடக்க’ என்ற பாடநூல் சொல் ஏற்கெனவே கையில் இருக்கிறது: எலிக்கான சிறிய சுருள் தருவது பயன்தொடக்க அளவுக்குக் கீழான மண்டையூடு காந்தத் தூண்டல்.