பிரைவேட்டியர்: தனியாரா, கொள்ளையரா?

முதலாம் எலிசபெத் காலத்து இங்கிலாந்தைப் பற்றித் தமிழில் படிக்கும்போது ஒரு சொல்லில் கட்டாயம் கால் இடறும். ஃபிரான்சிஸ் டிரேக் ஒரு பக்கத்தில் ‘கடற்கொள்ளையன்’. அடுத்த பக்கத்தில் ‘மாலுமி’. அதற்கும் அடுத்த பக்கத்தில் ‘தளபதி’. மூலத்தில் மூன்று இடத்திலும் ‘பிரைவேட்டியர்’ என்ற ஒரே சொல்தான் இருந்திருக்கும். இயந்திர மொழிபெயர்ப்பிடம் கொடுத்தால் இன்னும் மோசம். ‘தனியார்’ என்று முடித்துவிடும். தனியார் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது பேருந்து, பள்ளி, மருத்துவமனை. பீரங்கி வைத்த கப்பல் யாருக்கும் நினைவுக்கு வராது.

பிரைவேட்டியர் என்றால் இதுதான்: கப்பல் தனியாருடையது, ஆயுதமும் அரிசி பருப்பும் தனியார் செலவு, ஆட்களும் தனியார் சேர்த்தவர்கள். ஆனால் கப்பல் தலைவனின் பெட்டியில் அரசு முத்திரையிட்ட ஒரு தாள் இருக்கும். இன்ன நாட்டுக் கப்பல்களைப் பிடிக்கலாம் என்று அதில் எழுதியிருக்கும். அந்தத் தாள் இருக்கும்வரை அவர் செய்வது போர். இல்லாவிட்டால் அதே செயல் கடற்கொள்ளை, தண்டனை தூக்கு. ஆங்கிலத்தில் அந்தக் கப்பலுக்கும் பிரைவேட்டியர் என்றே பெயர், அதில் போகிறவருக்கும் அதே பெயர்.

சொல்லின் வேர் லத்தீன். ‘பிரிவாத்துஸ்’ என்றால் பொதுப் பதவி எதுவும் வகிக்காதவர். அதற்கும் அடியில் இருக்கும் வினைக்குப் பிரித்தெடு, பறி என்று பொருள். பறிப்பவனுக்குப் பறித்தலை வேராகக் கொண்ட பெயர் அமைந்தது வெறும் தற்செயல்தான், அழகான தற்செயல். ‘தனியாருடைய போர்க்கப்பல்’ என்று நீட்டிச் சொல்லிவந்ததை, ‘வாலண்டியர்’ போன்ற சொற்களின் சாயலில் சுருக்கிப் பிரைவேட்டியர் ஆக்கியது 17-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி. எலிசபெத் இறந்தது 1603-இல், டிரேக் இறந்தது 1596-இல். அதாவது, இன்று உலகமே பிரைவேட்டியர் என்று அழைக்கும் டிரேக் தன் வாழ்நாளில் அந்தச் சொல்லைக் கேட்டதே இல்லை.

அப்படியானால் அவர்கள் காலத்தில் என்ன சொன்னார்கள்? ‘ரிப்ரைசல்’ என்றார்கள். தாளின் பெயர் ‘லெட்டர் ஆஃப் மார்க்’. தமிழாக்கத்துக்குத் துப்பு இந்த இரண்டு சொற்களிலும்தான் கிடைக்கிறது. ரிப்ரைசல் என்பதற்குத் திரும்ப எடுத்துக்கொள்ளுதல் என்பதே அடிப்படைப் பொருள். ‘மார்க்’ தென் ஃபிரான்சின் பழைய மொழியிலிருந்து வந்தது. ஈடாகப் பிடித்துவைத்தல் என்று பொருள். கொள்ளைக்கும் போருக்கும் முன்னால் இது கடன் வசூல். வெளிநாட்டுத் துறைமுகத்தில் ஒரு வணிகனின் சரக்கைப் பறித்துக்கொண்டார்கள், அங்கே முறையிட்டும் நியாயம் கிடைக்கவில்லை என்றால், அவன் தன் அரசனிடம் வருவான். இழப்பின் மதிப்பைக் காட்டுவான். அந்த நாட்டவர் யாருடைய சரக்கையாவது அந்த மதிப்புக்குப் பிடித்துக்கொள்ள அரசன் இசைவு தருவான். இங்கிலாந்தின் சட்டங்களில் 14-ஆம் நூற்றாண்டிலேயே இந்த வழக்கம் பேசப்படுகிறது.

தமிழில் ‘ஈடு’ என்ற ஒரே சொல் இழப்புக்குச் சமமானதையும் குறிக்கும், அடகாக வைப்பதையும் குறிக்கும். இழப்பீட்டில் வரும் ஈடும், ஈடு வைத்துக் கடன் வாங்கும் ஈடும் ஒன்றே. லெட்டர் ஆஃப் மார்க்கின் இரண்டு பொருளும் அதில் அப்படியே உட்கார்ந்துகொள்கின்றன. ‘ஈடுகொள் ஆணை’ என்று சொல்லலாம். கொள்ளை என்ற சொல்லும் ‘கொள்’ளில் பிறந்ததுதானே. ஆணை கொஞ்சம் தளர்ந்தால் கொள்ளை ஆகிவிடும்.

1585-இல் அப்படித்தான் தளர்ந்தது. ஸ்பெயின் அரசர் இரண்டாம் பிலிப், தன் துறைமுகங்களில் நின்ற ஆங்கிலக் கப்பல்களைப் பிடிக்க உத்தரவிட்டார். பில்பாவோவில் நின்ற ‘பிரிம்ரோஸ்’ என்ற கப்பலில் ஏறிய ஸ்பானிய அதிகாரியின் ஆட்களை மாலுமிகள் அடித்து விரட்டினார்கள். அதிகாரியையும் கூட்டிக்கொண்டே லண்டனுக்கு ஓடிவந்துவிட்டார்கள். அவரிடம் பிலிப்பின் உத்தரவுத் தாள் இருந்தது. எலிசபெத்தின் அரசுக்கு அதற்குமேல் சாட்சி வேண்டியிருக்கவில்லை. சரக்கு இழந்தோருக்கு ஈடுகொள் ஆணைகள் வழங்கப்பட்டன. இழப்பைக் கடற்படைத் தலைவரின் நீதிமன்றத்தில் மெய்ப்பிக்க வேண்டும் என்பது விதி. சீக்கிரமே அது வெறும் சடங்கானது. ஸ்பெயினில் ஒரு மூட்டைகூட இழக்காதவர்களின் கையிலும் தாள் போய்ச் சேர்ந்தது. பிடித்த சரக்கில் பத்தில் ஒரு பங்கு கடற்படைத் தலைவருக்கு. மிச்சத்தை மூன்றாகப் பிரித்து, கப்பல் கொடுத்தவருக்கு ஒன்று, உணவும் வெடிமருந்தும் போட்டவருக்கு ஒன்று, மாலுமிகளுக்கு ஒன்று. மாலுமிக்குச் சம்பளம் கிடையாது. கப்பல் எதுவும் மாட்டாவிட்டால் வெறுங்கையோடுதான் வீடு.

டிரேக்கின் புகழ்பெற்ற பயணம் இதற்கெல்லாம் முந்தியது. 1577-இல் புறப்பட்டு உலகைச் சுற்றி 1580 செப்டம்பரில் பிளிமத் திரும்பினார். நடுவில், 1579 மார்ச்சில், பசிபிக் கரையில் ஒரு ஸ்பானியக் கப்பலை மடக்கினார். அதில் மட்டும் சுமார் 26 டன் வெள்ளி இருந்தது. அப்போது இங்கிலாந்துக்கும் ஸ்பெயினுக்கும் போர் இல்லை. அவரிடம் அரசியின் தாள் இருந்ததற்கு உறுதியான சான்றும் இல்லை. அரசி அவர்மேல் பணம் போட்டிருந்தார், ஆனால் கைச்சாத்து எதுவும் வெளியே தெரியவில்லை. ஸ்பானியத் தூதர் கொள்ளைப் பொருளைத் திருப்பிக் கேட்டுக் கொதித்தார். 1581 ஏப்ரலில் டெப்ட்ஃபர்டில் டிரேக்குக்கு வீரப்பட்டம் சூட்டியபோது எலிசபெத் வாளைத் தன் கையால் தொடுவிக்காமல், அருகில் நின்ற ஃபிரெஞ்சுத் தூதரிடம் கொடுத்துச் செய்யச் சொன்னார். பழியில் ஃபிரான்சுக்கும் ஒரு பங்கு! ஆகவே சட்டக் கண்ணால் பார்த்தால், 1579-இன் டிரேக்கைக் கடற்கொள்ளையர் என்று எழுதுவதில் தவறில்லை. 1585-க்குப் பிந்தைய டிரேக்கை அப்படி எழுதினால் தவறு.

இன்னொரு சொல்லையும் இங்கேயே பார்த்துவிட வேண்டும்: ‘பிரைஸ்’. பிடிபட்ட கப்பலுக்கும் சரக்குக்கும் அந்தப் பெயர்தான். இதைத் தமிழில் ‘பரிசு’ என்றும், அந்த வழக்குகளை விசாரிக்கும் மன்றத்தைப் ‘பரிசு நீதிமன்றம்’ என்றும் எழுதியதைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். விளையாட்டு விழாவில் தரும் பிரைஸ் வேறு. அது விலை, மதிப்பு என்ற சொல்லின் உறவு. கப்பல் பிரைஸ் ‘பிடி’ என்று பொருள்படும் ஃபிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது; ரிப்ரைசலும் அதே குடும்பம். எனவே ‘பிடிகலம்’, ‘பிடிபொருள்’ என்பவையே சரி.

பிடிகலங்களில் மிகப் பெரியது 1592 ஆகஸ்டில் அசோர்ஸ் தீவுகள் அருகே சிக்கிய ‘மாத்ரே தெ தேவுஸ்’ என்ற போர்ச்சுகீசியக் கப்பல். இந்தியாவிலிருந்து லிஸ்பன் திரும்பிக்கொண்டிருந்தது. போர்ச்சுகல் அப்போது ஸ்பானிய முடியின்கீழ் இருந்ததால் அதுவும் எதிரிக் கப்பலே. 1,600 டன் கொள்ளளவு என்றார்கள். ஆங்கிலேயர் அதுவரை அப்படியொரு கப்பலைக் கண்டதில்லை. உள்ளே நூற்றுக்கணக்கான டன் மிளகு, கிராம்பு, பட்டை, சாதிக்காய், பட்டுத்துணி, மணிக்கற்கள், கஸ்தூரி. டார்ட்மத் துறைமுகத்துக்கு வருவதற்குள்ளேயே மாலுமிகள் பாதி மடியில் கட்டிக்கொண்டார்கள். கரையில் வியாபாரிகள் ஈயாய் மொய்த்தார்கள். ஒழுங்குபடுத்தப் போன அரசியின் ஆலோசகர் ராபர்ட் செசில், வழியில் எதிர்ப்பட்டவர்களின் மூட்டையில் கொள்ளைப் பொருள் இருப்பதை வாசனையை வைத்தே கண்டுபிடித்ததாகக் கடிதம் எழுதினார். அம்பரும் கஸ்தூரியும் அவ்வளவு மணத்தன. அரசிக்குத் தெரியாமல் அவருடைய பணிப்பெண்ணைத் திருமணம் செய்துகொண்ட குற்றத்துக்காக லண்டன் கோட்டைச் சிறையில் இருந்த வால்டர் ராலேயையும் இதற்காகவே வெளியே விட்டார்கள். மாலுமிகள் அவர் பேச்சைத்தான் கேட்பார்கள். பங்கு பிரித்தபோது, போட்ட பணத்துக்குப் பொருத்தமே இல்லாமல் பெரும்பகுதியை அரசியே எடுத்துக்கொண்டார். முத்திரை அவருடையது, கணக்கும் அவருடையது.

1603-இல் பட்டத்துக்கு வந்த ஜேம்ஸுக்கு இந்தத் தொழிலே பிடிக்காது. ஆணைகளைத் திரும்பப் பெற்றார். அடுத்த ஆண்டு ஸ்பெயினுடன் உடன்படிக்கை. ஆக்ஸ்ஃபர்டில் சட்டம் கற்பித்த இத்தாலியரான அல்பெரிகோ ஜென்டிலி, 1605 முதல் லண்டன் கடல் நீதிமன்றத்தில் ஸ்பெயினின் வழக்கறிஞராக நின்று, பிடிபட்ட சரக்குகளை மீட்க வாதாடினார். ஆனால் தொழில் தெரிந்தவர்கள் சும்மா இருப்பார்களா? ஜேம்ஸ் லங்காஸ்டர் 1595-இல் பிரேசிலின் பெர்னம்புகோவைச் சூறையாடியவர். அவரே கிழக்கிந்தியக் கம்பெனியின் முதல் பயணத்துக்குத் தலைவர். ‘ரெட் டிராகன்’ என்ற அவருடைய கப்பலும் முன்பு கம்பர்லாந்து பிரபுவின் சூறைக்கப்பலாக இருந்ததே. 1602-இல் மலாக்கா நீரிணையில், மயிலைச் சாந்தோமிலிருந்து துணி ஏற்றிவந்த போர்ச்சுகீசியக் கப்பலை அவர் பிடித்தார். இங்கிலாந்துக் கம்பளித்துணி அந்தப் பக்கம் விலைபோகாது. சோழமண்டலக் கரையின் பருத்தித்துணிக்கோ மிளகு கொட்டும். கம்பெனியின் முதல் மிளகுக் கொள்முதலுக்கு நம் கரைத் தறிகளின் துணி, காசு கொடுக்காமலே கை மாறி உதவியது.

சொல்லின் கதையில் எனக்கு மிகவும் பிடித்த ஆள் ஹென்றி மார்கன். ஜமைக்காவிலிருந்து கிளம்பி 1671-இல் பனாமா நகரை நாசமாக்கினார். அதற்குச் சில மாதம் முன்பே இங்கிலாந்தும் ஸ்பெயினும் சமாதானம் செய்திருந்தன. கைதாகி லண்டன் போனார். 1674-இல் வீரப்பட்டத்தோடும் ஜமைக்காவின் துணை ஆளுநர் பதவியோடும் வெளியே வந்தார். பிறகு ஒரு நூல் அவரைக் கொள்ளையன் என்றும் ஒப்பந்தக் கூலியாகக் கடல் கடந்தவன் என்றும் எழுத, 1685-இல் பதிப்பாளர்கள்மேல் அவதூறு வழக்குப் போட்டு 200 பவுன் இழப்பீடு வாங்கினார். ஒரு சொல் தவறாக இருந்தால் இருநூறு பவுன்! மார்கன் வகையறாவுக்கு ‘பக்கனீர்’ என்றும் பெயர் உண்டு. கரீபியன் தீவுகளில் இறைச்சியைப் புகையில் வாட்டும் மரச்சட்டத்தின் பெயரிலிருந்து வந்தது அது, அதாவது உப்புக்கண்டக்காரர்கள். அதைத் தமிழாக்க முயல வேண்டாம், பக்கனீர் என்றே இருக்கட்டும்.

தத்துவவாதிகளில் தாமஸ் ஹாப்ஸ் இதைப் பூசி மெழுகாமல் சொன்னார். பெரிய அரசுகள் அமையும்வரை கடலில் கொள்ளையடிப்பதும் வழிப்பறியும் இழிவாகக் கருதப்படவில்லை, முறையான தொழிலாகவே எண்ணப்பட்டன என்று 1651-இல் எழுதினார். இதைப் படித்தபோது எனக்கு வெட்சித்திணை நினைவுக்கு வந்தது. பகைநாட்டு ஆநிரையைக் கவர்வது வெட்சி. ‘வேந்துவிடு முனைஞர் வேற்றுப்புலக் களவின்’ என்கிறது தொல்காப்பியம். அனுப்பியவன் வேந்தன்; ஆனாலும் செயலின் பெயர் களவு. இரண்டையும் ஒரே அடியில் வைத்த துணிச்சலைப் பாருங்கள். பின்வந்த இலக்கணம் வெட்சியை இரண்டாக்கி, அரசன் ஏவப் போவதை ‘மன்னுறு தொழில்’ என்றும், தானே போவதைத் ‘தன்னுறு தொழில்’ என்றும் பிரித்தது. உரையாசிரியர் இளம்பூரணர் அந்த இரண்டாம் வகையை ஏற்கவில்லை; வேந்தன் ஏவாதது வெட்சி ஆகாது என்பது அவர் கட்சி. லண்டன் நீதிமன்றத்தில் வழக்கறிஞர்கள் மோதிக்கொண்ட அதே கேள்வி, பல நூற்றாண்டு முன்னால் மாடுகளை வைத்து இங்கே பேசப்பட்டிருக்கிறது.

ஆகவே என் தேர்வு: கப்பலுக்கு ‘ஆணைக்கலம்’, ஆளுக்கு ‘ஆணைக்கொள்ளையர்’. ‘அரசாணை’ என்று நீட்டலாம்தான். ஆனால் அதைப் படித்ததும் எண்ணும் நாளும் போட்ட தலைமைச் செயலகக் கோப்பு கண்முன் வந்துவிடுகிறது. ‘வேந்துவிடு கலம்’ காதுக்கு இனிமை. என்றாலும் அரசனே இல்லாத அமெரிக்கா போன்ற நாடுகளும் இந்தத் தாளை வழங்கின, அங்கே பொருந்தாது. ‘கொள்ளையர்’ என்பதை நீக்கி ‘ஆணைக் கடலோடி’ என்று மென்மையாக்கலாமே என்று நண்பர் ஒருவர் கேட்டார். களவு என்ற சொல்லைத் தொல்காப்பியர் ஒளிக்கவில்லை, நாம் ஏன் ஒளிக்க வேண்டும்? பைரேட்டுக்குக் கடற்கொள்ளையர் ஏற்கெனவே நன்றாக வேரூன்றிவிட்டது. அதில் கைவைக்க வேண்டாம்.

தொழிலை 1856-இன் பாரிஸ் பிரகடனம் ஒழித்தது. அமெரிக்கா அதில் கையெழுத்திடவில்லை. ஈடுகொள் ஆணை வழங்கும் அதிகாரம் அந்நாட்டு நாடாளுமன்றத்துக்கு உண்டு என்ற வாசகம் அதன் அரசியலமைப்பில் இன்றும் இருக்கிறது.

கடைசியாக, இந்தச் சொற்களை வைத்து எழுதிப் பார்க்க ஒரு கடினமான ஆள்: வில்லியம் கிட். மூன்றாம் வில்லியம் அரசரின் ஆணையோடு 1696-இல் ஃபிரெஞ்சுக் கப்பல்களையும் கொள்ளையரையும் பிடிக்கப் புறப்பட்டவர். 1698 ஜனவரியில் மலபார் கரைக்கு அப்பால் ‘கெடா மெர்ச்சன்ட்’ என்ற கப்பலைப் பிடித்தார். சரக்கு ஆர்மீனிய வணிகருடையது, கப்பல் தலைவர் ஓர் ஆங்கிலேயர், ஆனால் கப்பலில் ஃபிரெஞ்சு அனுமதிச்சீட்டு இருந்தது. அந்தச் சீட்டு இருந்தால் அது பிடிகலம், அவர் ஆணைக்கொள்ளையர். இல்லையென்றால் அவர் கடற்கொள்ளையர். கிட் அதைப் பத்திரமாக எடுத்துவைத்து, அதிகாரிகளிடமும் ஒப்படைத்திருந்தார். லண்டனில் விசாரணை நடந்தபோது சீட்டைக் காணவில்லை. 1701 மே 23 அன்று தேம்ஸ் கரையில் அவரைத் தூக்கிலிட்டார்கள். முதல் கயிறு அறுந்துபோக, மறுபடி ஏற்றினார்கள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் ஆவணக் காப்பகத்தின் கட்டுகளுக்குள்ளிருந்து அந்தச் சீட்டு கிடைத்தது.